வழித்தொண்டும் நன்றியறிவும்

தந்தை நடத்திய தொழிலை மைந்தன் ஏற்று நடத்துதல் நம் நாட்டில் நெடுங்கால வழக்கு. அங்ஙனம் ஏற்றவன் உள்ளத்தில் இருவேறு எண்ணங்கள் மாறி மாறி எழுகின்றன. முன்னோர் உழைப்பால் அமைந்த கடையும் வாடிக்கையும் நற்பெயரும் தனக்கு எளிதிற் கிடைத்தனவே என்னும் மகிழ்ச்சி ஒன்று. கடனும் கணக்கும் கூலியாட்களின் முறையீடும் உடன்பிறந்தாரின் பங்குப்பேச்சும் தன் தலைமேல் ஏற்றப்பட்டனவே என்னும் புழுக்கம் மற்றொன்று. முன்னது சின்னாள் நின்று மெலியும்; பின்னது நாடோறும் வளரும். புழுக்கமுடையானை நோக்கி, 'நன்றியுடையனாயிரு' என்று சொல்லுதல் யார்க்கும் எளிது. அந்நன்றி யாருக்கு உரியது, எதன்பொருட்டு உரியது, எப்பொழுது தோன்றுதற்குரியது என்பவற்றை ஆராய்ந்து சொல்வாரோ அரியர். சித்தாந்த நெறி நின்று அவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

இல்லறத்தாரின் வணிகக் கவலை ஞானநூல் ஆராய்வார்க்கு எற்றுக்கு என வினவும் அன்பர் இருத்தல் கூடும். அறுபத்துமூவருட் குயவரும் வண்ணாரும் செக்காரும் நெய்வாரும் பரதவரும் வணிகரும் உளர் என்பதையும், அவரவர் குலத்தொழிலே அவரவர்க்குத் தொண்டுநெறியாயிற்று என்பதையும் அவ்வன்பர் நினைவு கூர்வாராக. அன்றியும், திருமடங்களில் ஞானபீடத்தோடு நிலக்கணக்கும் வழக்குக்கட்டும் சேர்ந்தே வழிவழி வருகின்றன. ஆதலின் இவ்வினா மடத்தின் வாயிலுக்கு வெளியே நிற்பதொன்றன்று.

இதற்குத் தக்க இலக்கியம் திருநாவலூரிலேயே கிடைக்கின்றது. திருமுனைப்பாடி நாட்டுத் திருப்பதியாகிய அவ்வூர், 2019-ல் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துள் அடங்கியது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாக நம்பியாரூரர் தோன்றிய ஊர் அஃதென்பதை அன்பர்கள் அறிவர். அவர் பிறந்த குடி ஆதிசைவ அந்தணர் குடி. வழிவழியாகச் சிவன்றொண்டு செய்வது. வீதியிற் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையை நரசிங்கமுனையரையர் கண்டு விரும்பிச் சடையனாரிடம் வேண்டிப் பெற்று மகன்மை முறையில் வளர்த்தனர் என்று சேக்கிழார் கூறுவர். ஆகவே குலமுறையும் அரச வாழ்வும் ஒருங்கே பெற்று வளர்ந்தவர் நம்பிகள். தாம் அறியாத மூன்றாவது உரிமையொன்று தம்மேல் உண்டென்பதை, புத்தூரிற் சடங்கவி சிவாசாரியார் திருமகளாரை மணக்கவிருந்த நாளிலேதான் அவர் கேட்டனர்.

கிழவேதியர் ஒருவர் மணப்பந்தரின்முன் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்றார். காட்டிய சான்று ஓர் ஓலை. அது நம்பிகள் எழுதித் தந்ததன்று. அவர்தம் பாட்டனார் தம்மையும் தம் வழிவருவாரையும் அடிமையாக ஒப்பி எழுதிக் கொடுத்தது. பாட்டனார் பெயரும் ஆரூரர். பேரனார் பெயரும் ஆரூரர். பெயரை உவந்து தாங்கிய பேரனார், அப்பெயரோடு பிணைந்து வந்த கடமையைக் கேட்டவுடன் நகைத்தனர், பித்தனோ என்றனர், ஓலையைப் பறித்துக் கிழித்தனர். பாட்டன் பெயர் பொறித்த பலகையைக் கடைவாயிலில் மகிழ்ந்து மாட்டுபவன், அப்பலகையோடு வந்த கடன்சீட்டைக் கண்டு சினப்பதும் இவ்வகைத்தே.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலன சில உள. கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை வேதியர் கையில் இருந்தது. வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையத்தார் வந்தவர் முதியர் என்பதனாலே ஒப்பினாரல்லர். மணக்கோலத்து நின்ற இளைஞர்பால் இரங்கி வழக்கைத் தள்ளினாரும் அல்லர். வழக்கத்தில் உள்ள ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் காட்டுக என்றனர். மூலவோலை வந்தபின், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து கொணர்வித்து இரண்டன் எழுத்தையும் ஒப்பு நோக்கினர். எழுத்து ஒத்தது. அதன்பின்னரே, ஏவல் செய்தல் கடன் என்று நம்பிகளுக்கு உரைத்தனர். பின்னும் விடாது, 'நீர் இவ்வூரினராயின் உமது மனை யாண்டுள்ளது?' என்று வேதியரை வினவினர். அவர் முன்னே நடந்து திருவருட்டுறைத் திருக்கோயிலினுட் புக்கு மறைந்தனர். நம்பிகள் தம்மை உடையார் இன்னாரென்று உணர்ந்தது அங்கே. சினத்திற் சொன்ன அப்பெயரே இறைவன் ஆணையாற் பாட்டின் முதலாயிற்று.

வழித்தொண்டில் நன்றி பிறக்கும் முறை இதனால் விளங்கும். ஓலையைக் கேட்ட பொழுதில் நன்றி பிறந்திலது. அவை தீர்ப்புச் சொன்ன பொழுதிற் பிறந்தது கீழ்ப்படிதலேயன்றி நன்றி அன்று. ஓலைக்கு உடையவர் யாரென்று கண்டபொழுதே நன்றி பிறந்தது. கடமை அளவாற் குறைந்ததோ எனின், இல்லை. முன் ஓர் ஊரிற் செய்யவேண்டுவதாயிருந்த ஏவல், பின் பல தலங்களுக்கும் சென்று பாடும் பணியாய் விரிந்தது. சுமை பெருகியிருக்கவே புழுக்கம் நீங்கிற்று என்றால், புழுக்கத்துக்குக் காரணம் சுமை அன்றென்பது பெறப்படும். உடையவனை அறியாமையே காரணம். அவ்வறியாமை, தானே உடையவன் என்னும் முனைப்பாக வெளிப்படும். ஆணவமலத்தின் தொழிலெனச் சித்தாந்தம் கூறுவது இதனையே.

மெய்கண்டார் வாழ்ந்து சிவஞானபோதத்தை அருளியதும் அத்திருவெண்ணெய்நல்லூரிலேயே என்பது நினைக்குந்தோறும் இன்பம் தருவது. அந்நூலின் பத்தாஞ் சூத்திரம் பாசநீக்கத்துக்கு இறைவனோடு ஒன்றாகி இறைபணியில் நிற்றலைச் சாதனமாக விதிக்கின்றது. தொழிலை விட்டொழிதல் ஆண்டுக் கூறப்படவில்லை; தொழிலைச் செய்வான் 'யான் செய்கின்றேன்' என்னும் முனைப்பை விடுதலே கூறப்பட்டது.

இனி ஒரு தடை எழும். 'மரபுத்தொழிலிற் பிறந்தது என் முன்வினையால். நியதி தத்துவம் அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுக்கின்றது. என் கணக்குப்படி எனக்கு வருவது வந்தது. இதில் நன்றி பாராட்டுதற்கு என்ன உளது?' என்பது அது. இத்தடை வலியுடையதே, இலேசாகத் தள்ளற்பாலதன்று. விடை கூறுதும். வினை சடம், தன்னைச் செய்தவனைத் தேடித் தானே சென்று பொருந்த அறியாது. உயிரோ, தான் செய்த வினையின் கணக்கைத் தான் அறியாது. அறியாத இரண்டினையும் அறிவான் ஒருவன் கூட்டுவிக்கின்றான். அவனாணையால் உயிர் இருவினைக்கீடாகப் போக்கும் வரவும் எய்துவதை அந்நூலின் இரண்டாஞ் சூத்திரம் பேசும். அவனுக்கு இதனால் ஆவதொரு பயன் இல்லை. பயன் முழுதும் உயிருக்கே, மலம் பக்குவப்படுதற்பொருட்டு. கூலி உரியதே என்றாலும், கணக்கெழுதத் தெரியாத கூலியாளுக்காகத் தான் கணக்கெழுதி, அவன் தாங்கும் அளவறிந்து, காலமறிந்து கொடுப்பானிடத்து நன்றி வேண்டாவோ?

அங்ஙனமாயின் துன்பத்தை மறைவாகத் தருவானேன் எனின், திரோதான சத்தியின் இயல்பை நோக்குக. அது அருட்சத்தியேயாயினும், மலத்தைப் பரிபாகஞ் செய்யும்பொருட்டு அதனோடு கூடி நின்று தொழிற்படுத்தலின் உபசாரத்தால் மலமென்று பெயர் பெற்றது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. அக்கலை பெரிதும் குடும்பத் தொழிலாக வருவது. மரஞ்செதுக்கும் தந்தை நுண்ணுளியை முதல்நாளே சிறுவன் கையிற் கொடுப்பாரல்லர். கொடுப்பின் மரமுங் கெடும், கையுங் கெடும். தேய்க்கவும் துடைக்கவுமே நெடுநாள் விடுவர். 'எனக்குத் தொழிலை மறைக்கின்றார்' என்று மகன் எண்ணுவான். அவர் மறைப்பது உண்மையே. அம்மறைப்பினால் அவன் கை பழகிவருவதும் உண்மையே.

நன்றியுடையான் முயற்சி குன்றுவான், நட்டத்தையும் அருளென்று கொண்டு வாளா இருப்பான் என்று அஞ்சுவாரும் உளர். அவர்க்குத் திருவொற்றியூர்க் கலியநாயனார் வரலாறு போதிய விடையாகும். நம்பியாரூரர் திருத்தொண்டத்தொகையில் வைத்து வணங்கிய இவ்வடியார் செக்குத்தொழிற் குடியிற் பிறந்து பெருஞ்செல்வராய், திருக்கோயிலின் உள்ளும் புறம்பும் இரவும் பகலும் விளக்கெரித்து வந்தனர். செல்வம் தேய்ந்தது. தம் மரபினர் தரும் எண்ணெயைச் சுமந்து விற்றுக் கொடுத்து, கிடைத்த கூலியால் விளக்கிட்டனர். அவ்வெண்ணெயும் அவர்கள் கொடாராயினர். அப்பொழுது பிறர் செக்கில் எள்ளாட்டும் கூலியாளாயினர். அவ்வேலையும் கிடையாதாக, மனையையும் உள்ள பொருள்களையும் விற்றனர். மனைவியாரையும் விற்கத் துணிந்தனர், கொள்வாரில்லை. இறுதியில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே நிரப்ப மிடற்றை அரியத் தொடங்கியபொழுது இறைவன் திருக்கை தடுத்தது.

இவ்வரலாற்றின் முடிவையே பலரும் எடுத்துப் பேசுவர். நமக்கோ அதன் நடுப்பகுதியே இப்பொழுது பெரிதும் பயன்படுகின்றது. செக்குக்கு உடையராயிருந்தவர், பிறர் செக்கிற் கூலிக்கு நின்றார். அதுவும் தம் மரபினர் காணும்படி. குடும்பத்தொழில் நொடித்தவன் தாங்க முடியாத துன்பம் வறுமையினும் இந்நாணமே என்பதை அறிந்தவர் அறிவர். கலியர்க்கு அந்நாணம் தோன்றியதாகச் சேக்கிழார் கூறிற்றிலர். தொழில் என்பது செக்கன்று, விளக்கே என்று அவர் கண்டிருந்தமையின், செக்கு யாருடையதாயினும் அவர்க்கு ஒன்றாயிற்று. முயற்சியிலோ அவர் ஒரு படியும் குறைந்திலர். ஒரு வழி அடைபட்டால் மறு வழி தேடினர். மனைவியாரை விலைகூறிய செயலையும் குருதி சிந்தப் புகுந்ததையும் வன்றொண்டின் எல்லையாக வணங்குவதன்றி, இல்வாழ்வார் கைக்கொள்ளும் விதியாக யாரும் எடுத்துரைத்தல் கூடாது என்பது நம் துணிபு. இறைவனே தடுத்த செயல் அது.

பங்காளிப் பகையைப் பற்றியும் ஒருவார்த்தை. எயினனூர் ஏனாதிநாதர், மன்னர்க்கு வாட்பயிற்சி அளிக்கும் உரிமையைத் தம் மரபிற் பெற்று, அவ்வருவாயை அடியார்க்கு ஆக்கியவர். அவர் பெருக்கத்தையும் தன் தொழில் தேய்வையும் கண்டு அழுக்காறு கொண்ட அதிசூரன், போரில் வென்றவரே அவ்வுரிமை கொள்க என்று அழைத்தான். நேர்நின்ற போரில் தோற்றவன், பின்னர்த் திருநீறு பூசி வஞ்சித்தான். நீற்றைக் கண்ட நாயனார் போரை விட்டும், படையில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி அவனுக்கு வாராதபடி வாளும் பலகையும் ஏந்தியே நின்றனர். உரிமையைக் காத்தற்குப் போர்செய்தவரும் அவரே. உரிமையினும் பெரியதைக் கண்டவுடன் அதனை விடுத்தவரும் அவரே.

காலத்தால் நமக்கு அணித்தான ஒரு மரபையும் நோக்குவோம். புராணத்தில் ஒளிர்வது கணக்கேட்டில் எவ்வாறாகும் என்பதை அஃது அறிவிக்கும். நாட்டுக்கோட்டை நகரத்தார் இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக்கோயில்களைச் சார்ந்த சிவநேயர். பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் குடும்பத்தொழிலாக லேவாதேவி நடத்தினர். இளைஞர் 'பெட்டியடிப் பையன்' என்னும் கீழ்நிலையிலிருந்து தொழில் பயின்று, அடுத்தாளாய் மேலாளாய் உயர்வர். வருவாயில் ஒரு கூற்றை மகமையென்று பிரித்துத் திருப்பணிக்கும் அறத்துக்கும் வைப்பது அவர்தம் வழக்கு. கணக்கேட்டிலேயே இறைவனுக்கு இடம் வகுத்த இவ்வொழுக்கம் மிகவும் போற்றத்தக்கது. ஆண்டுதோறும் ஏடு எழுதும்பொழுது, 'இது முழுதும் என்னதன்று' என்று ஒருமுறையேனும் எழுதுகோல் சொல்லுகின்றது அன்றோ.

ஆயினும் ஆராய்ச்சி இங்கே நின்றுவிடின் குறையுடைத்தாகும். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் நேர்ந்த விலைவீழ்ச்சியில் நெல்விலை தாழ்ந்தது. பர்மிய உழவர் கடனை அடைக்க இயலாராயினர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல்விளை மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு. 1937-ல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர் விரும்பியது பணமேயன்றி நிலமன்று என்பதும், அவருள்ளும் முதல் இழந்து வருந்தியவர் பலரென்பதும் உண்மையே. நிலமிழந்த உழவனுக்கு அதனால் ஆறுதல் உண்டாமோ? 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பால் பல்லாயிரவர் பர்மாவை விட்டு ஓடிவந்தனர். 1948-ல் இயற்றப்பட்ட நிலவுடைமைச் சட்டம் எஞ்சியதையும் அசைத்தது. இந்நிகழ்ச்சிகளுக்கு ஒரு குலத்தாரைக் குற்றஞ்சாட்டுதல் நம் கருத்தன்று. நூற்பொருளைப் பிழைபட உணர்தற்கு இடமாவதொன்று இதன்கண் உண்டு. அதற்கே இதனை எடுத்தோம்.

இருவினையொப்பு என்பதை, நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றுபோற் செய்யலாம் என்று சிலர் மயங்குவர். அஃதன்று அதன் பொருள். இருவினைப் பயன்களிலும் விருப்பு வெறுப்பின்றி உவர்ப்பு ஒத்தலே இருவினையொப்பு. இலாபம் வந்துழித் துள்ளாமையும் நட்டம் வந்துழித் துவளாமையும் அதன் அடையாளம். பிறன் கண்ணீரால் வந்த இலாபத்தையும், 'சிவன் தந்தது' என்று நன்றி சொல்லி உண்ணுதலை அது ஒருகாலும் இசையாது. கடன்பட்ட உழவனும் அவ்வுடையவனுக்கே வழித்தொண்டன்; ஓலை அவன்மேலும் உண்டு. என் சுமைக்கு நன்றி கூறும் வாயால் அவன் சுமையைக் கூட்டுவேனாயின், உடையவனை யான் அறிந்தேனல்லேன். மகமை இதற்குக் கழுவாய் ஆகாது. மகமை கொள்ளப்படும் முதலே தூயதாயிருத்தல் வேண்டும்.

இனி முதியோர்க்கும் ஒரு கடமை உண்டு. நன்றியைப் பற்றிப் பேசுவார் பெரும்பாலும் மறந்துவிடுவது அது. மைந்தனிடம் நன்றியை முன்கூட்டியே கேட்கின்றோம். ஓலை கேட்டவுடன் உவந்து தலைவணங்கவேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம். மறுத்தால் நன்றிகெட்டவன் என்கின்றோம். நம்பிகளை அவையத்தார் அங்ஙனம் ஏசினாரல்லர். உடையவராகிய இறைவரே மூலவோலையை அவையில் நீட்டி, எழுத்தொப்பு நோக்க இசைந்து நின்றனர் என்றால், தந்தையர் தம் கணக்கை மகனுக்குக் காட்ட நாணுவது என்ன முறை? முதல் எவ்வளவு, கடன் எவ்வளவு, யாருக்கு வாக்குக் கொடுத்துள்ளோம், எந்தக் கூலியாளின் குடும்பம் இக்கடையை நம்பியிருக்கின்றது, எவ்வறத்துக்கு இவ்வருவாய் செல்கின்றது என்னும் மூலவோலை முழுதும் விரிக்கப்படுதல் வேண்டும். படியோலையை மட்டும் காட்டினால் அது கிழிபடும், கிழித்தவன்மேற் குற்றமில்லை. எல்லாம் கண்டபின் மகன் வேறு தொழில் நாடுவானாயின், அவன் மரபுக்குரிய ஓலை இக்கடையின் பெயரால் எழுதப்பட்டதன்று என்று கொள்ளலாம். பாட்டனார் ஒப்பியது உடையவனுக்கு ஆட்படுதலையே. அதனை எந்தத் தொழிலில் நின்றும் செய்யலாம்.

ஆட்பட்டபின்னும் நம்பியாரூரர் கணக்கு நோக்குதலை விட்டாரல்லர். திருமுதுகுன்றத்தில் இறைவர்பால் 12,000 பொன் பெற்று, அவ்விறைவர் ஆணைப்படி அதனை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுக்கச் சென்றார். இடுமுன் அப்பொன்னில் ஒரு சிறுதுண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்தபொன் அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்துழி மாற்றுக் குறைந்திருந்தது. அவர் வாளா வாங்கிச் சென்றிலர், மீண்டும் பாடினார், மாற்று ஒத்தபின்னரே பரவையார் திருமாளிகைக்கு அனுப்பினார். அன்று உரைத்துக் காட்டியவர் என்று பெயர்பெற்ற மாற்றுரைத்த பிள்ளையார் கமலாலயக் கரையில் எழுந்தருளியுள்ளார்.